நின்றுபோன இதழ், நிலைத்த கட்டுரைகள்: ‘கிராஃப்ட்’ ஆய்விதழ் மீண்ட விதம்

உறுப்பு மாற்றுச் சிகிச்சை, செல் மாற்றுச் சிகிச்சை பற்றி ‘கிராஃப்ட்’ என்றோர் ஆய்விதழ் இருந்தது. சேஜ் பதிப்பகம் 2001 முதல் 2003 வரை அதன் இதழ்களை வெளியிட்டது. பிறகு இதழ் நின்றது. சில ஆண்டுகள் கழித்து, நின்றுபோன இந்த இதழைத் தன் இணையதளத்தில் இனி வைத்திருப்பதில்லை என்று பதிப்பகம் முடிவெடுத்தது. பதிப்பகத்தின் கணக்கில் அது நியாயமான முடிவு. சந்தா வருமானம் இல்லாத, புதிய கட்டுரை வராத ஓர் இதழுக்காகச் சர்வரையும் ஆளையும் எத்தனை காலம் ஒதுக்க முடியும்?

ஆனால் அந்தக் கட்டுரைகளை மற்றவர்கள் தங்கள் ஆய்வுகளில் மேற்கோள் காட்டியிருந்தார்கள். சிறுநீரகத்தையோ கல்லீரலையோ ஏற்கும் உடல் அதை எப்படி எதிர்க்கிறது என்று எழுதும் ஒருவர், முன்னவர் கண்டதைச் சுட்டிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறார். சுட்டப்பட்ட கட்டுரை மறைந்தால், சுட்டிய கட்டுரையைச் சரிபார்க்கும் வழியும் அதனுடன் போய்விடும். 2008இல் அந்த நிலை ‘கிராஃப்ட்’டுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதன் கட்டுரைகளை இன்றும் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் படிக்கலாம். பெரும் புகழ் பெற்ற இதழ் அல்ல அது. அதைக் காப்பாற்றச் சொல்லி யாரும் போராடவும் இல்லை. இதழ் மறைவதற்கு முன்பே அதன் பிரதி வேறு கைகளில் இருந்தது என்பது மட்டுமே காரணம். இந்த ஆய்வு அந்த ‘முன்பே’யைப் பற்றியது.

அச்சுக் காலத்தில் இந்தக் கவலை இந்த வடிவில் எழவில்லை. ஓர் இதழுக்குச் சந்தா கட்டிய நூலகம் அதன் தாள் பிரதியை வாங்கி அடுக்கிவைத்தது. பதிப்பகம் மூடப்பட்டாலும், ஒரு நூலகம் தீக்கிரையானாலும், உலகின் வேறு நூலகங்களில் அதே இதழ் இருந்தது. யாரும் திட்டமிடாமலேயே கிடைத்த பாதுகாப்பு அது. 1990களில் ஆய்விதழ்கள் இணையத்துக்கு நகர்ந்தபோது நூலகங்கள் அதை இழந்தன. சந்தாவுக்கு ஈடாக அவர்களுக்குக் கிடைத்தது பதிப்பகத்தின் சர்வரில் உள்ளதைப் பார்க்கும் அனுமதி. பிரதி ஒன்றே ஒன்று, அதுவும் பதிப்பகத்தின் கையில். சந்தா நின்றால், பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களும் கண்ணில் படாமல் போகலாம்.

இதைப் பிரச்சினையாகப் பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்த விக்கி ரீச், அவருடைய கணவர் டேவிட் ரோசென்தால். ரீச் நூலகர், ஆய்விதழ்களை இணையத்துக்குக் கொண்டுவந்த ஹைவயர் பிரஸ்ஸில் பணியாற்றியவர். ரோசென்தால் கணினிப் பொறியாளர். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்தவர், என்விடியாவின் தொடக்ககால ஊழியர்களில் ஒருவர். 1998இல் அவர்களுக்குத் தோன்றிய யோசனை எளிமையானது: அச்சுக் காலத்து ஏற்பாட்டையே மின்வடிவில் திரும்பக் கட்டுவது. ஒவ்வொரு நூலகமும் தன் சந்தாவில் உள்ள இதழ்களின் மின்பிரதியைத் தன்னிடமே ஒரு சாதாரண, விலை குறைந்த கணினியில் வைத்துக்கொள்ளட்டும். நிறையப் பிரதிகள் இருந்தால் பொருள் பத்திரமாக இருக்கும். அந்தக் கருத்தைச் சொல்லும் ஆங்கில வாக்கியத்தையே (Lots of Copies Keep Stuff Safe) முதலெழுத்துகளால் சுருக்கி ‘லாக்ஸ்’ என்று அழைத்தார்கள். ஸ்டான்ஃபோர்டின் பல்கலைக்கழக நூலகராக இருந்த மைக்கேல் கெல்லர் இதற்கு ஒப்புதல் தந்தபோது, தனக்குச் செலவு வைக்கக் கூடாது, தன்னைச் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது, மற்றபடி விரும்பியதைச் செய்யலாம் என்றாராம். ரோசென்தாலே பின்னாளில் இதை எழுதியிருக்கிறார். ஒரு நிறுவனத்தின் தலைமையிடமிருந்து ஆய்வாளருக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல அனுமதிகளில் ஒன்று இது என்று நினைக்கிறேன்.

பிரதி எடுத்துவைப்பதோடு வேலை முடிந்துவிடாது. வட்டில் எழுதப்பட்ட தரவு சத்தமில்லாமல் கெட்டுப்போகும். ஒரு கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் யாரும் திறந்து பார்க்கும்வரை தெரியாது. திறக்கும் நாளில் நல்ல பிரதி எதுவுமே மிஞ்சாமல் போயிருக்கலாம். மனிதத் தவறு இன்னும் ஆபத்தானது: தவறான அடைவை அழித்த நிர்வாகி, கடவுச்சொல்லைத் திருடியவர், வேண்டுமென்றே ஒரு கட்டுரையின் வாசகத்தை மாற்றியவர். காப்பகம் பெருமளவு நேரம் சண்டையிடுவது இவற்றோடுதான்.

லாக்ஸ் இதற்குக் கண்ட வழி வாக்கெடுப்பு. ஒரு நூலகத்தின் கணினி, தன்னிடம் உள்ள ஓர் இதழைப் பற்றி மற்ற நூலகங்களின் கணினிகளைக் கேட்கிறது. கேட்கும்போது அந்த முறைக்கென்று உருவாக்கிய ஒரு தற்செயல் எண்ணையும் அனுப்புகிறது. பதில் சொல்லும் ஒவ்வொரு கணினியும் அந்த எண்ணையும் தன் பிரதியையும் சேர்த்து ஒரு சரிபார்ப்பு எண்ணைப் புதிதாகக் கணக்கிட்டு அனுப்ப வேண்டும். அந்தத் தற்செயல் எண் சேர்வதால், பழைய விடையைச் சேமித்துவைத்து ஏமாற்ற முடியாது. பிரதி உண்மையில் கையில் இருந்தாக வேண்டும். பெரும்பான்மையோடு தன் பிரதி ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால், நல்ல பிரதி வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து வாங்கித் தன்னைத் திருத்திக்கொள்கிறது. இந்த வாக்கெடுப்பு வேண்டுமென்றே மெதுவாக நடக்கும். வேகமாக நடந்தால், வலையமைப்புக்குள் புகுந்த ஒருவர் ஒரே இரவில் எல்லாப் பிரதிகளையும் கெடுத்துவிடலாம். மெதுவாக நடந்தால், அவர் கெடுத்து முடிப்பதற்குள் கண்டுபிடிக்க நேரம் கிடைக்கும். கணினித் துறை வேகத்தையே போற்றிக்கொண்டிருந்த காலத்தில், மெதுவாக இருப்பதையே பாதுகாப்பாக மாற்றிய இந்த வடிவமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். 2003இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்த நெறிமுறையை விரிவாக விளக்குகிறது.

லாக்ஸ் நூலகங்களுக்கானது. அதே தொழில்நுட்பத்தை வைத்து, பதிப்பகங்களும் நூலகங்களும் கூட்டாக நடத்தும் இன்னோர் அமைப்பு 2006இல் முன்னோட்டமாகத் தொடங்கியது. அதன் பெயர் ‘க்ளாக்ஸ்’. இது மூடிய காப்பகம்: சேர்ந்த எதையும் சாதாரண நாட்களில் யாரும் படிக்க முடியாது. பதிப்பகங்கள் இதில் நம்பிக்கையோடு சேர்ந்ததற்குக் காரணமும் அதுதான். தங்கள் விற்பனைக்கு இது போட்டி ஆகாது. அமெரிக்கா, கனடா, ஸ்காட்லாந்து, ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான், ஹாங்காங், ஆஸ்திரேலியா என்று பரவிய 12 நூலக மையங்களில் பிரதிகள் வைக்கப்பட்டன. பூகம்பமோ போரோ ஓர் அரசின் உத்தரவோ எல்லாவற்றையும் ஒருசேரத் தொடக் கூடாது என்பதற்காகவே இடங்கள் இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன. நிர்வாகக் குழுவில் பதிப்பகங்களுக்கும் நூலகங்களுக்கும் சம பங்கு. ஓர் இதழ் வேறெங்கும் கிடைக்காத நிலை வந்துவிட்டது என்று அந்தக் குழு முடிவு செய்தால், காப்பகத்தின் கதவு அந்த இதழுக்கு மட்டும் திறக்கும். திறந்தபின் அது எல்லோருக்கும். சந்தா இருந்தவர், இல்லாதவர் என்ற பாகுபாடு கிடையாது.

அந்தக் கதவு முதன்முதலில் திறந்தது ‘கிராஃப்ட்’டுக்காகத்தான். சேஜ் பதிப்பகம் தன் இதழ்களை க்ளாக்ஸிடம் ஏற்கனவே ஒப்படைத்திருந்தது. அது இதழைக் கைவிடும் முடிவைத் தெரிவித்தபோது குழு கூடித் திறக்க முடிவு செய்தது. மூடிய மையங்களிலிருந்து கட்டுரைகள் எடுக்கப்பட்டு, ஸ்டான்ஃபோர்டிலும் எடின்பரோவிலும் பொதுவெளியில் வைக்கப்பட்டன. யாரும் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமும் தரப்பட்டது. ஒரு காலத்தில் பணம் கட்டிப் படிக்க வேண்டியிருந்த இதழ், நின்றபின் எல்லோருக்கும் உரியதானது. ஓர் ஏற்பாடு காகிதத்தில் நன்றாக இருப்பது வேறு, நெருக்கடியில் வேலை செய்வது வேறு. க்ளாக்ஸ் இரண்டாவதையும் இங்கே காட்டியது.

அதே இதழ் இன்னொரு வழியாகவும் பிழைத்தது. ஆய்விதழ்களின் மின்தொகுப்பான ஜேஸ்டோரிலிருந்து 2002இல் ஒரு முயற்சியாகக் கிளைத்து, 2005இல் தனிச் சேவையாகத் தொடங்கிய ‘போர்ட்டிகோ’வும் சேஜ் இதழ்களைச் சேர்த்துவைத்திருந்தது, ‘கிராஃப்ட்’டைத் தன் உறுப்பு நூலகங்களுக்கு அது திறந்துவிட்டது. போர்ட்டிகோவின் அணுகுமுறை வேறு. வந்த கோப்பை வந்தபடியே வைத்து, படிக்கும் நாள் வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்பது லாக்ஸ் வழி. பதிப்பகம் தரும் மூலக் கோப்புகளை உள்ளே வரும்போதே உரையின் பகுதிகளைக் குறியிட்டுக் காட்டும் எக்ஸ்.எம்.எல். என்ற ஒரு பொதுவான வடிவத்துக்கு மாற்றி, மூலத்தையும் சேர்த்து வைப்பது போர்ட்டிகோ வழி. எது சிறந்தது என்று அத்துறையினர் நீண்டகாலம் வாதிட்டார்கள். இரண்டும் இருந்தது ‘கிராஃப்ட்’டின் அதிர்ஷ்டம். ஒன்றின் கணிப்பு தவறினாலும் மற்றது காக்கும்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் நிலையான இணைய அடையாளமாகத் தரப்படும் டி.ஓ.ஐ. எண்ணைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்; கட்டுரையில் அந்த எண் இருந்தாலே அது காப்பாற்றப்பட்டுவிட்டது என்று பேராசிரியர்களே நம்புகிறார்கள். அந்த எண் வீட்டு விலாசம் மட்டுமே. வீடு இடிந்தால் விலாசம் காலி மனைக்குத்தான் அழைத்துச் செல்லும். இடம் மாறிய கட்டுரைக்கு விலாசத்தைத் திருத்தலாம். திருத்துவதற்கு ஒருவர் இருக்க வேண்டும், போய்ச் சேர ஓர் இடமும் இருக்க வேண்டும். ‘கிராஃப்ட்’ விஷயத்தில் இரண்டும் இருந்தன. அதன் பழைய எண்கள் காப்பகத்தை நோக்கித் திருப்பப்பட்டன.

ஜப்பானிய வேதியியல் இதழான ‘ஹெட்டிரோசைக்கிள்ஸ்’ அண்மைய உதாரணம். 1973இல் தொடங்கிய அது 2023இன் முடிவில் நின்றது. அதன் தளமும் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான கட்டுரைகளின் டி.ஓ.ஐ. எண்கள் எங்கும் போய்ச் சேராமல் நின்றன. அரை நூற்றாண்டு வேதியியல் அது. நல்லவேளையாக க்ளாக்ஸிலும் போர்ட்டிகோவிலும் பிரதிகள் இருந்தன. அவை இல்லாமலிருந்தால், மருந்து மூலக்கூறுகளைத் தேடும் ஒரு மாணவர் தன் முன்னோடிகளின் வேலையைச் சோதனைக்கூடத்தில் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

இந்த ஏற்பாடு எதுவும் வாய்க்காத இதழ்களின் நிலை என்ன என்பதை மிக்கேல் லாக்சோ, லிசா மத்தியாஸ், நாய்கோ யான் மூவரும் தேடிப் பார்த்தார்கள். இல்லாமற்போன ஒன்றை எப்படி எண்ணுவது? பழைய இதழ்ப் பட்டியல்களை எடுத்து, இன்றைய பட்டியல்களோடு ஒப்பிட்டு, காணாமற்போன பெயர்களை ஒவ்வொன்றாக இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இணைய ஆவணக் காப்பகத்தின் (Internet Archive) பழைய பக்கங்களில் தேடினார்கள். 2000 முதல் 2019 வரை 174 திறந்த அணுகல் இதழ்கள் இணையத்திலிருந்து மறைந்திருந்தன. கட்டணமின்றி எவரும் படிக்கலாம் என்று நல்ல மனதோடு நடத்தப்பட்ட இதழ்கள் அவை. பல, பல்கலைக்கழகங்களாலும் ஆய்வுச் சங்கங்களாலும் வெளியிடப்பட்டவை. சமூக அறிவியலும், மொழி, வரலாறு போன்ற மானுடப் புலங்களும் இவற்றில் அதிகம். பெரும்பாலானவை, கடைசி இதழ் வந்த ஐந்து ஆண்டுகளுக்குள் மறைந்துவிட்டன. இன்னும் 900 அளவில் இதழ்கள் வெளியீடு நின்றுபோய், தளம் மட்டும் எஞ்சி, அதே பாதையில் நிற்பதாகவும் அவர்கள் கணித்தார்கள்.

‘கிராஃப்ட்’டின் கதையை இந்த 174க்குப் பக்கத்தில் வைத்தால் மனதை உறுத்தும் ஒன்று தெரிகிறது. பணம் வாங்கிய இதழ் பிழைத்தது. இலவசமாகத் தந்தவை அழிந்தன. இதற்காகக் கட்டண முறையை நான் ஆதரிக்கவில்லை. பெரிய பதிப்பகத்தின் வாடிக்கையாளர்களான நூலகங்கள், காப்பக ஒப்பந்தம் உண்டா என்று கேட்டார்கள். அதனால் ஒப்பந்தம் வந்தது. இலவச இதழுக்கு வாடிக்கையாளர் இல்லை. அப்படிக் கேட்கவும் யாரும் இல்லை. எல்லோரும் படிக்கலாம் என்பதையே எப்போதும் இருக்கும் என்பதற்கான உறுதியாக ஆசிரியர்களும் வாசகர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஓய்வுபெறும் பேராசிரியர், புதுப்பிக்கப்படாத டொமைன், துறையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்து ஒரு நாள் நின்ற சர்வர்: இவ்வளவு போதும் பத்து ஆண்டு உழைப்பு காணாமற்போவதற்கு.

டி.ஓ.ஐ. வைத்திருக்கும் இதழ்களின் நிலையும் ஆறுதல் தருவதாக இல்லை. லண்டன் பர்க்பெக்கின் மார்ட்டின் பால் ஈவ் 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு 74 லட்சத்துக்கும் மேற்பட்ட டி.ஓ.ஐ. எண்களை மாதிரியாக எடுத்து, அவை முக்கியக் காப்பகங்களில் உள்ளனவா என்று பார்த்தது. ஏறத்தாழ 58 சதவீதக் கட்டுரைகளுக்கு ஒரு காப்பகத்திலாவது பிரதி இருந்தது. 28 சதவீதத்துக்கு, அதாவது 20 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு, அவர் பார்த்த எந்தக் காப்பகத்திலும் பிரதி இல்லை. மிகப் புதியவை, தேதி விவரமற்றவை, இதழ்க் கட்டுரை அல்லாதவை என்று எஞ்சியவை கணக்கில் சேர்க்கப்படவில்லை. தங்கள் கட்டுரைகளில் முக்கால் பங்குக்கு மேல் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட காப்பகங்களில் வைத்திருந்த பதிப்பாளர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பதிப்பாளர்களிடம் போதுமான ஏற்பாடு எதுவும் இல்லை. டி.ஓ.ஐ. பதிவு செய்யும் ‘கிராஸ்ரெஃப்’ அமைப்பு, காப்பக ஏற்பாடு செய்ய முயல வேண்டும் என்று தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறது. கேட்டுக்கொள்வதால் மட்டும் நடந்துவிடவில்லை என்பதே இந்த எண்கள் சொல்வது.

சிறு இதழ்களுக்காக இப்போது இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஒன்று, ஓ.ஜே.எஸ். என்ற கட்டற்ற மென்பொருளில் நடக்கும் இதழ்களுக்கானது. கனடாவில் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ‘பப்ளிக் நாலெட்ஜ் ப்ராஜெக்ட்’ அந்த மென்பொருளை உருவாக்கியது. உலகெங்கும் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்கள் அதைப் பயன்படுத்துவதாக 2020ஆம் ஆண்டுத் தரவு காட்டுகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் பல்கலைக்கழக இதழ்கள் பலவற்றின் மென்பொருள் இதுவே. 2016 முதல் அதே அமைப்பு, லாக்ஸ் தொழில்நுட்பத்தில் ஒரு பாதுகாப்பு வலையமைப்பை இலவசமாக நடத்துகிறது. இதழ் ஓ.ஜே.எஸ். மென்பொருளில் இருக்க வேண்டும், இதழ்களை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். இருக்க வேண்டும், அதற்கான செருகுநிரலை (plugin) இயக்கி விதிமுறைகளை ஏற்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு புதிய இதழும் தானாகவே பல நூலகங்களுக்குப் போய்ச் சேரும். ஒரு பிற்பகலுக்கு மேல் எடுக்காத வேலை. இன்னொரு வழி, 2020 நவம்பரில் தொடங்கிய ‘ஜாஸ்பர்’ திட்டம். திறந்த அணுகல் இதழ்களின் அடைவான டோஜ், க்ளாக்ஸ், இணைய ஆவணக் காப்பகம் முதலிய அமைப்புகள், கட்டணம் வசூலிக்காத இதழ்களுக்காகச் சேர்ந்து நடத்துவது. மறைந்த இதழ்கள் பற்றிய அந்த ஆய்வு முன்பதிப்பாக வெளிவந்த அதே ஆண்டில் இது தொடங்கியதைக் கவனிக்க வேண்டும். ஆய்வாளர்கள் காட்டிய ஒரு காயத்துக்கு உடனே மருந்திட முனைவது அபூர்வமாகத்தான் நடக்கிறது.

தமிழில் எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளுக்கு இன்னும் ஒரு சிக்கல் உண்டு. ஈவ் எண்ணியது டி.ஓ.ஐ. உள்ள கட்டுரைகளை மட்டும். தமிழ் இதழ்களில் பல அந்த எண்ணே இல்லாமல் வருகின்றன. ஆகவே பாதுகாப்பற்றவை என்ற அந்த 28 சதவீதத்தில்கூட அவற்றுக்கு இடமில்லை. அதோடு, பிரதி பத்திரமாக இருந்தாலும் உள்ளடக்கம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்டு பி.டி.எஃப். ஆக்கிய கட்டுரையைத் திரையில் பார்த்தால் தமிழ் அழகாகத் தெரியும். ஆனால் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள். தேடுபொறி அதில் ஒரு தமிழ்ச் சொல்லைக்கூடக் காணாது. நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் வரும். லாக்ஸின் வாக்கெடுப்பு அந்தக் கோப்பை ஒரு பிட்டும் மாறாமல் நூறாண்டு காக்கும். காக்கப்படுவது கட்டுரையின் படம் மட்டுமாக இருக்கும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்ட பின்னும் பழைய எழுத்துருப் பழக்கம் அச்சகங்களிலும் துறை அலுவலகங்களிலும் தொடர்ந்தது. காப்பகத்துக்கென்றே 2005இல் தரப்படுத்தப்பட்ட பி.டி.எஃப்./ஏ வடிவமும் இதற்குத் தானாகத் தீர்வு தராது. அதன் அடிப்படை நிலை, பக்கம் எதிர்காலத்திலும் இதே தோற்றத்தில் தெரியும் என்பதை மட்டுமே உறுதி செய்கிறது. ஆகவே முதலில் உரையை யூனிகோடுக்கு மாற்றி, ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்து, அதன்பிறகுதான் காப்பகக் கோப்பை உருவாக்க வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறுவது இத்தகைய மாற்றத்தில் வழக்கமான பிழை. மேற்கோள் பாடல்களில் அது நேர்ந்தால் கட்டுரையின் வாதமே கெடும்.

ஓர் இதழ் எங்கேனும் பாதுகாக்கப்படுகிறதா என்று தெரிந்துகொள்ள ‘கீப்பர்ஸ் ரெஜிஸ்ட்ரி’ என்ற பொதுப் பதிவேடு இருக்கிறது. எடின்பரோவில் உருவாகி, இப்போது பாரிஸில் உள்ள ஐ.எஸ்.எஸ்.என். பன்னாட்டு மையத்தின் பொறுப்பில் இயங்குவது. இதழின் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை இட்டால், எந்தக் காப்பகத்தில் எந்தத் தொகுதிகள் உள்ளன என்று காட்டும். தமிழ் ஆய்விதழ் ஆசிரியர்கள் தங்கள் எண்ணை அதில் ஒருமுறை இட்டுப் பார்க்க வேண்டும். எதுவும் வரவில்லை என்றால், ஓ.ஜே.எஸ். இதழாக இருக்கும்பட்சத்தில் செருகுநிரலை இயக்கலாம். இல்லையென்றால் ஒவ்வொரு இதழின் யூனிகோட் கோப்பையும் பல்கலைக்கழகக் களஞ்சியத்திலும் இணைய ஆவணக் காப்பகத்திலும் வைத்து, அந்த இரண்டு முகவரிகளையும் இதழின் முதல் பக்கத்திலேயே அச்சிடலாம். கட்டுரையாளரும் தன் கட்டுரையை அனுப்பும் முன் ஆசிரியரிடம் கேட்கலாம்: உங்கள் இதழ் நின்றால் என் கட்டுரையின் பிரதி யாரிடம் இருக்கும்?